டிமென்ஷியா உள்ளவரின் பகல் பொழுது: குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நினைவும் சிந்தனையும் மெல்லத் தேய்ந்துகொண்டே போகும் டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லிவிடுவார், மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிடுவார். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை அவரை எதில் ஈடுபடுத்துவது, அவரோடு எப்படிப் பழகுவது என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. வீட்டில் கவனித்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. இன்றைக்கு எது தலைபோகிற பிரச்சினையோ அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

மருந்துதான் கொடுக்கிறோமே, அப்புறம் செயல்பாடுகள் எதற்கு?

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் போன்ற மருந்துகள் சிலருக்குக் கொஞ்ச காலம் அறிகுறிகளைக் கட்டுக்குள் வைக்கும். அவை நோயை நிறுத்துவதில்லை. இருபத்து நான்கு மணி நேரத்தை அவரோடு கழிக்கவும் எந்த மாத்திரையும் கற்றுத்தராது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 5.7 கோடி பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பகல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: ஒரு நாற்காலி, எதிரே ஓடிக்கொண்டிருக்கும் டிவி, அடுத்த வேளை சாப்பாடு. அந்த வெறுமையில்தான் புடவைத் தலைப்பைப் பிய்ப்பதும், கதவைத் தட்டுவதும், ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதும் முளைக்கின்றன. நாம் ‘தொந்தரவு’ என்கிறோம். இந்தத் துறையில் நீண்ட காலம் ஆய்வு செய்த ஜிஸ்கா கோஹன்-மான்ஸ்ஃபீல்ட், இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் நிறைவேறாத ஒரு தேவை இருக்கிறது என்கிறார். வலியாக இருக்கலாம், தனிமையாக இருக்கலாம், சாதாரணச் சலிப்பாகவே இருக்கலாம்.

2018-இல் பிரிட்டனில் 69 காப்பகங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஊழியர்களுக்கு, மனிதரை மையமாக வைத்துக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். கூடவே ஒவ்வொருவரோடும் அவருக்குப் பிடித்த விதத்தில் நேரம் செலவிட வைத்தார்கள். அங்கிருந்தவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, அமைதியற்ற நடத்தை குறைந்தது. அதற்கு ஆனது வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான்.

‘மனிதரை மையமாக வைத்த கவனிப்பு’ என்கிறார்களே, வீட்டில் அதற்கு என்ன அர்த்தம்?

இந்தச் சிந்தனையை டிமென்ஷியா உலகத்துக்குக் கொண்டுவந்தவர் டாம் கிட்வுட். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர். இது பற்றிய முக்கியமான நூலை 1997-இல் வெளியிட்டார், மறு ஆண்டே இறந்துபோனார். ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதை மூளையில் ஏற்பட்ட சேதம் மட்டும் தீர்மானிப்பதில்லை, சுற்றி இருப்பவர்கள் அவரை நடத்தும் விதத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று வாதிட்டார். ஆறுதல், பற்று, கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம், கைக்கு ஒரு வேலை, தான் யார் என்ற அடையாளம் என ஐந்து தேவைகளை வரிசைப்படுத்தி, நடுவில் அன்பை வைத்தார்.

எனக்கு இதைவிடப் பயன்பட்டது அவர் எழுதிய இன்னொரு பட்டியல். ஒருவரின் மனிதத்தன்மையை அரித்துவிடும் 17 பழக்கங்களை அவர் குறித்துவைத்தார். அவற்றைச் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, நல்ல பிள்ளைகளும் நல்ல நர்ஸுகளும்தான் என்பதையும் சேர்த்தே சொன்னார். நோயுள்ளவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, “நேத்து ராத்திரி பூரா தூங்கவே இல்ல, பாடாய்ப் படுத்திட்டார்” என்று வந்தவர்களிடம் சொல்வது. முதல் வாயை விழுங்குவதற்குள் அடுத்த கரண்டியை நீட்டுவது. சட்டைப் பொத்தானோடு அவர் போராடிக்கொண்டிருக்கும்போது “விடுங்க, நான் போட்டுவிடறேன்” என்று பிடுங்கிக்கொள்வது. எழுபது வயதுக்காரரிடம் மழலையில் பேசுவது. எல்லாம் அன்பில்தான் நடக்கிறது, அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

சோதித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த நோய் வராமல் இருந்திருந்தால் அப்பாவிடம் இப்படிச் செய்வேனா?

எதைப் பொருளுள்ள செயல் என்று சொல்வது? வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம், தொடவே இல்லை.

வாழ்நாளில் ஒருபோதும் படம் வரையாதவருக்கு எழுபத்தைந்தாவது வயதில் ஏன் வண்ணம் தீட்டத் தோன்ற வேண்டும்? கடையில் ‘டிமென்ஷியாவுக்கானது’ என்று எழுதி விற்பதால் அது அவருக்கானது ஆகிவிடாது.

ஒரு செயலைச் செய்யும்போது அவர் யாராக இருக்கிறார் என்று பாருங்கள். ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர். ஊசியில் நூல் கோக்க இனி முடியாது, இயந்திரத்தில் உட்கார வைப்பதும் ஆபத்து. ஆனால் ஒரு துணியைக் கையில் கொடுத்தால் முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். கடைசியில் விளிம்பை இழுத்து நெசவின் வாட்டம் பார்க்கிறார். “இது எதுக்கு ஆகும்?” என்று கேட்டால், வார்த்தை தடுமாறினாலும், ஓர் அபிப்பிராயம் வருகிறது. அந்த நேரத்தில் அவர் நோயாளி இல்லை, தொழில் தெரிந்தவர். அவருக்குத் துணித் துண்டுகளைத் தரம் பிரிக்கிற வேலை பொருந்தும். அதே வேலை, கணக்கு எழுதிப் பழகிய ஒருவருக்கு அவமானமாகப் படலாம். அவருக்குப் பழைய ரசீதுகளையும் ஒரு பேரேட்டையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள்.

பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. காய் நறுக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, துணி மடிப்பது, செருப்புகளை ஜோடி சேர்ப்பது, கடிதத்தைப் பிரித்துக் கொடுப்பது எல்லாமே கணக்கில் சேரும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்பதும்கூட, அது அவருக்குப் பிடித்திருந்தால்.

அவருக்கு எது பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

“அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?” என்று பிள்ளைகளைக் கேட்டால் பாதிப் பேருக்குச் சரியாகத் தெரியாது. அப்பாவாக இருந்ததற்கு முந்தைய ஆளை அவர்கள் பார்த்ததே இல்லையே! அவருடைய தம்பி தங்கைகளையும், கூட வேலை பார்த்தவர்களையும், பழைய பக்கத்து வீட்டுக்காரர்களையும் கேளுங்கள். பள்ளியில் எதில் கெட்டிக்காரர், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார், கோபம் வந்தால் என்ன செய்வார், காலையில் எழுந்ததும் முதல் காரியம் எது, எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார். பிடிக்காததையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஆகாதவரைக் கூட்டுப் பாட்டு நிகழ்ச்சியில் உட்கார வைத்துவிட்டு ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுகிற காப்பகங்கள் இருக்கின்றன.

அப்புறம் கைகளைக் கவனியுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் விரல்கள் என்ன செய்கின்றன? மேசையைத் துடைக்கிறாரா, துணி ஓரத்தைச் சுருட்டுகிறாரா, எதையாவது எண்ணுகிறாரா? அங்கேயே துப்பு கிடைக்கும்.

கிடைத்ததையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். நாற்பது பக்க வாழ்க்கை வரலாற்றை வேலைக்கு வரும் புது உதவியாளர் படிக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் அந்தத் தாள் கூடவே போக வேண்டும்.

பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறார். இவ்வளவு சிரமப்பட்டு என்ன பிரயோஜனம்?

நிகழ்ச்சி மறந்துபோகும், அது விட்டுச்சென்ற மனநிலை உடனே போய்விடுவதில்லை. 2014-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில், டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகையான அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான, மகிழ்ச்சியான திரைப்படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தது என்னவென்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த வருத்தமும் சந்தோஷமும் நீடித்தன. காட்சியை அதிகம் மறந்தவர்களிடம் வருத்தம் கூடுதல் நேரம் தங்கியது என்பது அந்த ஆய்வில் நெஞ்சை உறுத்தும் பகுதி. காலையில் ஒரு கடுஞ்சொல் சொன்னால், சொன்னது யார், ஏன் என்பதெல்லாம் அழிந்த பிறகும் மத்தியானம்வரை முகம் வாடியிருக்கும். காரணம் தெரியாத துக்கத்தை எதைச் சொல்லித் தேற்றுவது?

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று நடந்ததைச் சேமிக்கும் நினைவும், சைக்கிள் ஓட்டுவதையும் முடிச்சுப் போடுவதையும் சேமிக்கும் நினைவும் மூளையின் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அல்சைமரில் முதலாவது சீக்கிரம் அடிவாங்கும், இரண்டாவது நெடுநாள் தாக்குப்பிடிக்கும். பேரனின் பெயர் வராதவர் ஸ்பேனரைச் சரியான பக்கம் திருப்புவது இதனால்தான்.

எப்படி ஆரம்பிப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

துண்டு மடிப்பதையே எடுத்துக்கொள்வோம். மேசையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. டிவியை அணையுங்கள். கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது மெஷின் ஓடுகிறதா என்று பாருங்கள். ‘ஆர்வமில்லை’ என்று நாம் முடிவுகட்டும் பல நேரங்களில் அவருக்குக் காதே கேட்டிருக்காது. வெள்ளை மேசையில் வெள்ளைத் துண்டு வைத்தால் விளிம்பு தெரியாது, நிறம் மாற்றுங்கள். (இது கண் டாக்டர் சமாச்சாரம் மட்டுமில்லை. நோய் முற்றியவர்களுக்குப் பளிச்சென்ற சிவப்புத் தட்டிலும் கோப்பையிலும் கொடுத்தபோது சாப்பிட்ட அளவு 25 சதவீதமும் குடித்த அளவு 84 சதவீதமும் கூடியதாக பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2004-இல் காட்டியது.)

பெரிய குவியலைப் பார்த்தால் மலைத்துவிடுவார், நாலைந்து துண்டு போதும். பக்கத்தில் உட்காருங்கள். “அப்பா, இதை மடிக்கக் கொஞ்சம் கை கொடுக்கிறீங்களா?” என்று கேளுங்கள். நாம் உதவி கேட்டால் அவர் உதவுகிறவர் ஆகிவிடுகிறார். “வாங்க, ஒரு பயிற்சி செய்யலாம்” என்றால் மறுபடியும் நோயாளி.

ஒன்றை நீங்கள் மெதுவாக மடித்துக் காட்டுங்கள். காட்டும்போது பேசாதீர்கள், பேசும்போது கையை அசைக்காதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பின்தொடர்வது அவருக்குக் கஷ்டம். அடுத்த துண்டின் இரண்டு முனைகளையும் அவர் விரல்களில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். நமக்கு யுகமாகத் தெரியும் அந்த இடைவெளியில்தான் அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அப்படியும் அசையவில்லை என்றால் உங்கள் கையை அவர் கைக்கு அடியில் வைத்து முதல் மடிப்பை மட்டும் சேர்ந்து மடியுங்கள். பிடித்துத் தள்ளுகிற மாதிரி மேலே வைக்க வேண்டாம். பெரும்பாலும் மீதியை அவரே முடிப்பார்.

முடிந்ததும் நன்றி சொல்லுங்கள். “சபாஷ், எவ்ளோ அழகா மடிச்சுட்டீங்க!” என்று கைதட்ட வேண்டாம், அது குழந்தைக்குச் சொல்வது. மடித்ததை அவர் கண் முன்னால் குலைத்துத் திரும்பக் கொடுக்காதீர்கள். அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ச் செய்தால் சரி.

மரியா மாண்டிசோரியின் கல்வி முறையை 1990-களில் டிமென்ஷியா கவனிப்புக்கு மாற்றியமைத்த அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் காட்டிய வழி ஏறக்குறைய இதுதான்: வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது, வாயால் சொல்வதைக் குறைத்துச் செய்து காட்டுவது, நிஜப் பொருட்களையே கையில் கொடுப்பது.

தப்பாகச் செய்தால் திருத்தலாமா?

யாருக்காவது அடிபடும் என்றால் திருத்துங்கள். மற்றபடி கோணல் மடிப்பு கோணலாகவே இருக்கட்டும்.

எதற்குக் கூப்பிட்டாலும் “வேண்டாம்” என்கிறார்.

அந்த “வேண்டாம்” பல விதம். கேட்டது புரியாமல் பாதுகாப்பாகச் சொல்லிவைப்பது ஒன்று. செய்யத் தெரியாமல் மானம் போகுமோ என்ற பயம் ஒன்று. உண்மையிலேயே விருப்பமில்லாதது ஒன்று. அந்த உரிமை அவருக்கு உண்டு.

கேட்பதை விட்டுவிட்டு, அவர் பார்வை படும் இடத்தில் நீங்களே அந்த வேலையைத் தொடங்குங்கள். பாதியில் ஒன்றை அவர் பக்கம் நகர்த்திவையுங்கள். வாய் மறுத்ததைக் கை சில சமயம் எடுத்துக்கொள்ளும். நேரத்தையும் மாற்றிப் பாருங்கள், பலருக்குத் தெளிவு காலையில்தான்.

எதிலும் நாட்டமே எழாமல் போவது டிமென்ஷியாவின் மிகப் பரவலான அறிகுறிகளில் ஒன்று. சோம்பேறித்தனம் என்று திட்டிப் பலனில்லை, தானாகத் தொடங்கும் திறனே அங்கே அடிபட்டிருக்கிறது. தொடங்கி வைத்தால் தொடர்வார். ஆனால் அழுகை, தூக்கமின்மை, சாப்பிட மறுப்பு, “நான் எதுக்கு இருக்கேன்” என்கிற பேச்சு இவையும் சேர்ந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம் ஆனால் “ஆபீஸுக்கு நேரமாச்சு” என்று கிளம்பிவிடுகிறார். என்ன சொல்வது?

“நீங்க ரிடையர் ஆகி இருபது வருஷமாச்சு” என்பது உண்மை. ஆனால் அது அவருக்குப் புதுச் செய்தி. வேலை போய்விட்டது என்று அவரிடம் தினமும் முதல் தடவையாகச் சொல்கிறீர்கள்.

“ஆமாம், போகலாம்” என்று பொய் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது: தகவலை விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் உணர்ச்சிக்குப் பதில் சொல்வது. நவோமி ஃபீல் என்பவர் பரப்பிய அணுகுமுறை இந்த வகைதான். “ஒரு நாள்கூட லேட்டா போனதே இல்லியே நீங்க! அங்க முதல்ல என்ன வேலை இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். சாவிக்கொத்து, மேலதிகாரி, வாசலில் காத்திருந்த கூட்டம் என்று பேச்சு வேறு பக்கம் போகும். பேசிக்கொண்டே ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் கையில் ஒரு வேலை காத்திருக்கட்டும். தனக்குப் பொறுப்பு ஏதோ இருக்கிறது என்ற தவிப்புதான் பல நாள் அவரைக் கதவுவரை இழுக்கிறது.

மாலை மயங்கும் நேரத்தில் குழப்பம் கூடுவது நிறையப் பேருக்கு உண்டு. களைப்பு, மங்கிய வெளிச்சம், பசி, அந்த நேரத்தில் வீட்டில் எழும் சந்தடி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள். முக்கியமான வேலைகளைக் காலைக்கு மாற்றுங்கள்.

‘அடக்கி வைக்க’ மாத்திரை கேட்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மனச்சிதைவுக்கான மருந்துகளை டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே, மருந்தின் விவரத் தாளில் கட்டம் போட்டு அச்சிடும் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. அவை தேவைப்படும் கட்டங்கள் உண்டு. முதல் வழியாக அவற்றை எடுக்கக் கூடாது.

பழைய கதைகளைப் பேச வைப்பது நல்லதா?

நல்லது, பரீட்சையாக்காமல் இருந்தால். முதியவர்கள் கடந்துவந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது நோயின் அடையாளம் இல்லை, இயல்பான தேவை என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார். நினைவுகூரல் அமர்வுகள் அதன் பிறகுதான் பரவலாயின.

“இது யாருன்னு ஞாபகம் இருக்கா?” என்ற கேள்வியை வீட்டில் தடைசெய்துவிடலாம். விருந்தாளிகள் அத்தனை பேரும் முதலில் கேட்பது அதைத்தான், பதில் வராதபோது அவர் முகம் போகிற போக்கை யாரும் கவனிப்பதில்லை. படத்தை நீட்டி, “இந்தச் சட்டைல அண்ணன் ஜம்முனு இருக்கார்ல?” என்று நீங்களே தொடங்குங்கள். சேர்ந்துகொள்வதும் சும்மா கேட்பதும் அவர் இஷ்டம். படத்தைவிடப் பொருள் நன்றாகப் பேச வைக்கும்: பழைய பூட்டு, ஷேவிங் பிரஷ், பித்தளைத் தட்டு, ஒரு சோப்பின் வாசனை.

துக்கமான நினைவு கிளம்பினால் உடனே பேச்சை மாற்றத் துடிக்க வேண்டாம். பக்கத்தில் இருங்கள். அழுது முடித்த பிறகு திசைதிருப்பலாம்.

பாட்டு போட்டு விட்டால் போதுமா?

அவருடைய பாட்டாக இருந்தால் அற்புதங்கள் நடக்கும். வார்த்தை வராதவர்கள் பல்லவி பாடுவதைப் பார்க்கலாம். இருபது வயதையொட்டி அவர் கேட்டவற்றிலிருந்து தேடத் தொடங்குங்கள். நாள் முழுக்க ஓடவிட்டால் இரைச்சல். ஒரு நேரம் வைத்துக் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள், முகம் சுளித்தால் நிறுத்துங்கள்.

மூளைக்கு வேலை கொடுக்கும் ஆப், குறுக்கெழுத்து இவையெல்லாம் நோயைத் தள்ளிப்போடுமா?

நோய் வந்த பிறகு அவற்றால் அது நின்றுவிடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். முன்பிருந்தே பிடித்தது என்றால் தாராளமாக விளையாடட்டும்.

ஆதாரம் வலுவாக இருப்பது குழுவாகச் செய்யும் அறிவுத்தூண்டல் சிகிச்சைக்கு. லண்டனில் எய்மி ஸ்பெக்டரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கியது, முதல் பெரிய பரிசோதனை 2003-இல் வெளிவந்தது. 7 வாரம், வாரத்துக்கு 2 முறை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 14 அமர்வுகள். ஒரு பொருளையோ செய்தியையோ வைத்துக்கொண்டு கருத்துக் கேட்பார்கள், சரி தவறு பார்ப்பதில்லை. ஆரம்ப, நடுத்தரக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கச் சொல்லி பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2018 வழிகாட்டியில் பரிந்துரைத்தது. சரி தவறு பார்க்காமல் கருத்துக் கேட்கும் அம்சத்தை வீட்டிலும் எடுத்துக்கொள்ளலாம். “இன்னிக்கு என்ன கிழமை?” என்பதைவிட “இந்த ரெண்டுல எது உங்களுக்குப் பிடிச்சிருக்கு?” என்பது நல்ல கேள்வி. அபிப்பிராயத்தில் தோற்க முடியாது.

அம்மா ஒரு பொம்மையைக் குழந்தை மாதிரி கொஞ்சுகிறார். பார்க்க வேதனையாக இருக்கிறது.

வேதனை உங்களுக்கு. அவர் முகம் எப்படி இருக்கிறது? அமைதியாக இருந்தால் பிடுங்காதீர்கள். இதில் துறை வல்லுநர்களே இரண்டு பக்கம் நிற்கிறார்கள். கண்ணியக் குறைவு என்பவர்களும் உண்டு, பற்றிக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறதே என்பவர்களும் உண்டு. என் அபிப்பிராயம்: கையில் திணிக்கக் கூடாது, அவர் கண்ணில் படும்படி வைக்கலாம், எடுத்துக்கொண்டால் விட்டுவிடலாம். அது பொம்மையா குழந்தையா என்று அவரிடம் விவாதம் வேண்டாம்.

குளிக்க வைப்பதே போராட்டம். இதில் என்ன ‘மனிதரை மையமாக’?

இங்கேதான் அது அதிகம் தேவைப்படுகிறது. அவர் பக்கம் நின்று பாருங்கள்: பழக்கமில்லாத ஒருவர் வந்து துணியை அவிழ்க்கிறார், குளிர்கிறது, தலையில் தண்ணீர் கொட்டுகிறது, ஏன் என்று புரியவில்லை. அடிக்கத்தானே செய்வோம்?

அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்லோன் தலைமையில் 2004-இல் வெளிவந்த ஆய்வில், காப்பகங்களில் குளியலை அவரவருக்கு ஏற்ப மாற்றியும், படுக்கையிலேயே வெதுவெதுப்பான ஈரத்துண்டால் போர்த்திச் சுத்தம் செய்தும் பார்த்தார்கள். இரண்டிலுமே எதிர்ப்பும் அமைதியற்ற நடத்தையும் குறைந்தன. வீட்டில் செய்யக்கூடியது: அறையை முன்பே கதகதப்பாக்குங்கள், உடம்பில் ஒரு துண்டைப் போர்த்தியபடியே பகுதி பகுதியாகக் கழுவுங்கள், காலில் தொடங்குங்கள், தலையைக் கடைசிக்கு வையுங்கள் அல்லது வேறு நாளுக்குத் தள்ளுங்கள். சோப்பை அவர் கையில் கொடுங்கள். எந்த நேரத்தில் குளித்துப் பழகியவரோ அந்த நேரத்தில் குளிக்கட்டும்.

டிமென்ஷியாவில் எல்லா வகைக்கும் இது ஒன்றுபோலப் பொருந்துமா?

இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருப்பது அல்சைமர், மேலே சொன்னவற்றில் நிறைய அதை மனதில் வைத்தவை. லூயி பாடி டிமென்ஷியா என்ற வகையில் தெளிவு ஒரே நாளில் ஏறி இறங்கும். இப்போது முடிந்தது இன்னும் இரண்டு மணி நேரத்தில் முடியாது, ‘நடிக்கிறார்’ என்று பழி போடாதீர்கள். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், கோடும் பூவுமான தரை விரிப்பு பூச்சியாகத் தோன்றலாம். மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் பாதிக்கப்படும் வகையில் நினைவு ஓரளவு இருக்கும், நடத்தை மாறும். பழைய கதை பேசுவதைவிடத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒழுங்கான வேலை அவர்களுக்குச் சரிப்படலாம். ரத்தநாள வகையில் யோசிக்கும் வேகம் குறைகிறது, அவசரப்படுத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கத்தி, அடுப்பு... ஆபத்தில்லையா?

ஆபத்து உண்டு, அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் மிஞ்சுவது நாற்காலிதான். முழு வேலையையும் தடுக்காமல் ஆபத்தான படியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கூர்மையான கத்திக்குப் பதில் மழுங்கிய கத்தி, கெட்டியான காய்க்குப் பதில் மெதுவானது, அடுப்பு உங்களிடம், கிளறும் கரண்டி அவரிடம், நீங்கள் பக்கத்தில். கார் ஓட்டுவதில் மட்டும் சமரசம் வேண்டாம், அது மற்றவர்கள் உயிரும்கூட.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று எழவே மறுக்கிறார், உளறுகிறார்.

செயல்பாடுகளை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். டிமென்ஷியா பொதுவாக ஒரே நாளில் இப்படி முற்றாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, வலி, புது மருந்து என்று வேறு காரணம் இருக்கும், பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

பேச்சே நின்றுவிட்டது, படுக்கைதான். இனி என்ன செய்ய இருக்கிறது?

தொடுதல், வாசனை, சத்தம், சுவை இவை இருக்கின்றன. ஜாய்ஸ் சிமார்ட் என்ற அமெரிக்கர் 2003-இல் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகவே ‘நமஸ்தே கேர்’ என்ற முறையைத் தொடங்கினார். அமைதியான அறை, மெல்லிய இசை, அவசரமில்லாமல் முகம் துடைப்பது, கைகளில் எண்ணெயோ கிரீமோ தடவுவது, உதடு நனைப்பது, பெயர் சொல்லி வணங்கி வரவேற்பது, இவ்வளவுதான் அதில்.

எப்படியும் முகம் துடைக்கத்தான் போகிறீர்கள். மூன்று நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, துணியை முதலில் அவர் உள்ளங்கையில் வைத்துச் சூட்டை உணரவிட்டு, பேசிக்கொண்டே துடைத்தால் அதுவே அன்றைய செயல்பாடு. கண் சுருங்குகிறதா, மூச்சு சீராகிறதா, விரல் இறுகுகிறதா என்று பாருங்கள். பதில்கள் இனி அந்த வழியில்தான் வரும்.

காப்பகத்தில் சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

சுவரில் ஒட்டிய நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்து மயங்காதீர்கள். முன்னறிவிப்பில்லாமல் மத்தியானம் மூன்று மணிக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். ஊழியர்கள் கடந்துபோகும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்களா? பெயர் சொல்கிறார்களா, ‘மூணாம் நம்பர் பெட்’ என்கிறார்களா? அங்கே தங்கியிருப்பவர்களில் யாராவது ஒரு வேலையில் கை கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா, எல்லாரும் சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களா? “இவர் முன்பு என்ன வேலை பார்த்தார்?” என்று அங்குள்ள ஒருவரைக் காட்டிக் கேளுங்கள். பதில் தெரிந்தால் நல்ல அறிகுறி.

எனக்கு வேலை, குழந்தைகள், சமையல். இதற்கெல்லாம் நேரம் எங்கே?

தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்களே அதிகம். புதிதாக எதையும் சேர்க்காமல், எப்படியும் செய்யும் வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் ஒரு துண்டை அவருக்கு ஒதுக்குங்கள். துணி மடிக்கும்போது துண்டுகள் அவருடையவை. மேசை துடைப்பது அவர் பொறுப்பு. தினமும் அதே நேரம், அதே இடம், அதே பொருள். ஆரம்பத்தில் நீங்கள் தனியாகச் செய்வதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. சில வாரங்களில் அந்த இடத்துக்கு அவரே வந்து உட்காரத் தொடங்கலாம்.

மற்றவர்களையும் இழுங்கள். “ஏதாவது உதவி வேணும்னா சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போகிற உறவினரிடம், “சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து அப்பாவோட ஒரு சுற்று நடந்துட்டு வா, அந்த நேரத்தில் நான் தூங்கணும்” என்று நேரத்தோடு சொல்லுங்கள்.